செவிலித் தொட்டி

நுழையும்முன்

வீட்டுக் கூடத்தில் இருக்கும் மீன்தொட்டியை ஓர் அழகுப்பொருளாகவே கருதுகிறோம். ஒருநாள் அதற்குள் முட்டைகள் தோன்றிவிட்டால், அழகுப்பொருள் பொறுப்பாக மாறிவிடுகிறது. பலவகை மீன்கள் கூடி வாழும் தொட்டியில் பிறக்கும் கெளுத்திக் குஞ்சுகள் ஏன் மடிகின்றன, எவ்வாறு பிழைக்கின்றன என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

மழைக்கால முட்டைகள்

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில், மீன்களுக்கு உணவிடச் சென்றேன். தொட்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் கடுகளவான வெண்மணிகள் சில ஒட்டியிருந்தன. காற்றுக்குமிழிகள் என்றே முதலில் எண்ணினேன். வெளியிலிருந்து விரலால் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. எண்ணிப் பார்த்தபோது நாற்பதுக்கும் மேல் இருந்தன. அவற்றை இட்ட கெளுத்திகளோ ஒன்றும் அறியாதவைபோல் அடிமணலைக் கிளறிக்கொண்டிருந்தன. நண்பகலுக்குள் அம்மணிகளில் பாதி மறைந்துபோயிற்று. தின்றவற்றுள் முட்டையிட்ட தாயும் ஒன்று.

மீனை வளர்ப்பது வேறு, மீன்குஞ்சை வளர்ப்பது வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சென்னையின் வண்ணமீன் கடைகளில் 'கோரி' என்ற பெயரில் விற்கப்படும் சிறுமீன் இது. 'கோரிடோரஸ்' என்பது முழுப்பெயர். கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து உருவாக்கிய இப்பெயரில் தலைக்கவசம் என்னும் பொருள் பொதிந்துள்ளது. இதன் உடலில் மற்ற மீன்களுக்கு உள்ளதுபோன்ற செதில்கள் இல்லை. பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கும். வாயருகே சிறு மீசைகள் உண்டு. அம்மீசைகளால் மணலைத் துழாவி உணவு தேடும். தென்னமெரிக்க ஆறுகளும் ஓடைகளும் இதன் தாயகம். புள்ளிகள் நிறைந்த 'பெப்பர் கோரி'யைத் தம் கடற்பயணத்தின்போது சேகரித்தவர் சார்லஸ் டார்வின். 1842இல் லெனார்டு ஜெனின்ஸ் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்று நம் நகரக் கடைகளுக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவையல்ல. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. வடசென்னைக் கொளத்தூர் இவ்வணிகத்தில் நாடறிந்த இடம்.

மழை பெய்தபின் இவை முட்டையிட்டது தற்செயல் அன்று. மழைவெள்ளம் வந்து ஆற்றுநீர் குளிரும் பருவமே இம்மீன்களின் இனப்பெருக்கப் பருவம். தொட்டியில் வளர்ப்போர், சற்றே குளிர்ந்த நீரை ஊற்றி அப்பருவத்தைச் செயற்கையாக உண்டாக்குவர். சென்னையில் அந்த வேலையை அக்டோபர் முதல் டிசம்பர்வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே செய்துவிடுகிறது.

நற்றாயும் செவிலியும்

கெளுத்திகள் எல்லாமே பெற்ற முட்டையைக் கைவிடுபவை என எண்ணிவிடலாகாது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் வலையேறி வரும் கடற்கெளுத்தியின் கதை இதற்கு நேர்மாறானது. பெண்மீன் இடும் கோலிக்குண்டளவான முட்டைகளை ஆண்மீன் வாயில் வாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் வெளிவந்து நீந்தும்வரை பல வாரங்கள் அவற்றை வாயிலேயே சுமக்கும். அந்நாள்களில் தான் உண்பதில்லை. வலையில் சிக்கிய ஆண்மீனின் வாய்க்குள் முட்டைகள் இருப்பதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் உண்டு. விழுங்கிய இரை என்று அதை நினைத்துக்கொள்வதும் உண்டு.

கோரிக்கு இத்தகைய வழக்கம் இல்லை. பெண்மீன் தன் இடுப்புத் துடுப்புகள் இரண்டையும் கைகூப்பினாற்போல் குவித்து, அதற்குள் ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று முட்டைகளை ஏந்திச் சென்று, தேர்ந்த இடத்தில் ஒட்டிவைக்கும். ஒட்டுமுன் அந்த இடத்தை வாயால் துடைத்துத் தூய்மை செய்யும். இவ்வளவு கருத்தாகச் செய்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலமணி நேரம் கழித்துத் தன் முட்டையையே உணவாகக் கண்டால் உண்டுவிடும். ஓடும் ஆற்றில் இதனால் பெரிய கேடு விளைவதில்லை. முட்டையிட்ட இடத்தைவிட்டுத் தாய் விலகிச் சென்றுவிடும். மூன்றடித் தொட்டியில் விலகிச் செல்ல இடம் ஏது?

நம் அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாயர் உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. கோரிக்குஞ்சுக்கு நற்றாயால் பயனில்லை. செவிலி ஒருத்தி வேண்டும். அச்செவிலி நாம்தான் என்று முதலில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்பதை ஒரு முழுத் தலைமுறைக் குஞ்சுகளை இழந்தபின்பே உணர்ந்தேன்.

முட்டையை இடம் மாற்றுதல்

கூட்டுத்தொட்டியில் கப்பி, டெட்ரா, பார்பு எனப் பல மீன்கள் இருக்கும். இவற்றுள் எதற்கும் மீன்முட்டை அருவருப்பானதன்று. அடர்ந்த பாசியும் செடியும் உள்ள தொட்டியில் ஒன்றிரண்டு குஞ்சுகள் தாமாகவே தப்பி வளர்வதுண்டு. என்றேனும் ஒருநாள் மரக்கட்டையின் நிழலிலிருந்து அரையங்குலக் குஞ்சு ஒன்று எட்டிப்பார்க்கும். அது நல்வாய்ப்பு. நல்வாய்ப்பை நம்பியிருக்க விரும்பாதவர் முட்டைகளை அகற்றத்தான் வேண்டும்.

இட்டவுடன் தொட்டால் முட்டை நசுங்கும். சிலமணி நேரத்தில் அதன் தோல் இறுகிவிடும். அதன்பின் விரல்நுனியால் மெல்ல உருட்டினாலே கண்ணாடியிலிருந்து பெயர்ந்து வரும். பழைய அடையாள அட்டை போன்ற மெல்லிய தகட்டாலும் பெயர்க்கலாம். பத்து, பதினைந்து லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியோ, பெருந்தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் வலைப்பெட்டியோ போதும். தனித்தொட்டி எனில் அதில் நிரப்பும் நீர் புதுநீராக இருத்தல் கூடாது. பெருந்தொட்டியின் நீராகவே இருத்தல் வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் பழுப்பேறும். கருவுறாதது வெண்மையாகவே இருந்து, பிறகு பஞ்சுபோலப் பூசணம் பூக்கும். அப்பூசணம் அருகிலுள்ள நல்ல முட்டைக்கும் தாவும் என்பதால், கெட்டதைக் கண்டதும் உறிஞ்சுகுழாயால் எடுத்துவிட வேண்டும். பூசணத்தைத் தடுக்க மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தில் சில துளி விடுவோர் உண்டு. சென்னைத் தெருக்களில் இதற்கு இன்னோர் எளிய பொருளும் கிடைக்கிறது. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் நடைபாதை ஓரங்களில் நிற்கும் நாட்டு வாதுமையின் சிவந்து உதிர்ந்த இலைதான் அது. கொட்டையை உடைத்துத் தின்பதற்காகப் பிள்ளைகள் தேடிச் செல்லும் அதே மரம். காய்ந்த இலையைக் கழுவி நீரிலிட்டால் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அச்சாற்றிலுள்ள துவர்ப்புப்பொருள் பூசணத்தையும் நுண்ணுயிரிகளையும் ஓரளவு மட்டுப்படுத்தும். இலை மக்கும்போது அதன்மேல் வளரும் நுண்ணுயிர்ப்படலம் பின்னர்க் குஞ்சுகள் கொறிக்கவும் பயன்படும். புகையும் மருந்தும் படாத மரத்தின் இலையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். வெளிவரும் குஞ்சு சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பைதான் முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கு அதன் கட்டுச்சோறு. அப்பொழுது நாம் உணவிட்டால் அது வீண் மட்டுமன்று, கேடும் ஆகும்.

நான் செய்த பிழை

முதன்முறை இருபத்தொரு குஞ்சுகள் பொரிந்தன. அவை பசியோடு இருக்குமே என்ற கவலை எனக்கு. வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவை நீரில் கரைத்து, நாளுக்கு ஐந்து தடவை ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் நான்கு குஞ்சுகளே உயிரோடிருந்தன. மாலையில் அவையும் இல்லை. நீர் தெளிவாகவே இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

மீன் உண்டு எஞ்சியதும் அதன் கழிவும் அழுகி அம்மோனியாவாக மாறும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது, செவுள்களை அரித்துவிடும். அதை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிரிகளும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேறு நுண்ணுயிரிகளும் உண்டு. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் கடுமை மிகக் குறைவு. நல்ல முறையில் பல மாதங்கள் ஓடிய தொட்டியில் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் இந்நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் குடியேறியிருக்கும். நேற்று நிரப்பிய சிறுதொட்டியில் அவை இல்லை. பெரிய மீன் ஓரிரு நாள் தாங்கும். கெளுத்திக் குஞ்சு அழுகும் உணவின் மேலேயே வயிறுபடக் கிடப்பது; அதனால் தாங்க முடியாது.

இவ்வாறு பார்த்தால், குஞ்சைத் தின்னக் காத்திருக்கும் அதே கூட்டுத்தொட்டிதான் குஞ்சைக் காக்கும் செவிலியும் ஆகிறது. அதன் மீன்களிடமிருந்து குஞ்சைப் பிரிக்க வேண்டும். அதன் நீரிலிருந்து பிரித்தல் கூடாது. இந்த ஒன்றை அறிந்தபின் என் முறை மாறியது. பெருந்தொட்டியில் சில வாரங்கள் ஓடிய பஞ்சு வடிகட்டியை அப்படியே குஞ்சுத்தொட்டிக்கு மாற்றினேன். அதோடு வேண்டிய நுண்ணுயிரிகளும் வந்துசேர்ந்தன. நாள்தோறும் காலையில் மெல்லிய காற்றுக்குழாயால் குஞ்சுத்தொட்டியின் அடியிலுள்ள கசடை, நீரில் பத்திலொரு பங்கோடு சேர்த்து வாளிக்கு இறக்குவேன். வாளிக்குள் குஞ்சு ஏதேனும் விழுந்துள்ளதா என்று பார்ப்பதற்கே பாதி நேரம் போகும். ஈடாகப் பெருந்தொட்டியின் நீரைக் குஞ்சுத்தொட்டியில் ஊற்றுவேன்; புதுநீரைப் பெருந்தொட்டியில் ஊற்றுவேன். நீர்மாற்றத்தின் அதிர்ச்சியைப் பெருந்தொட்டி தாங்கிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அது தெரியாது. வாளியின் கசடுநீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போயிற்று. அந்த நைட்ரேட் செடிகளுக்கு உரம்.

வலைப்பெட்டி வைத்திருப்போருக்கு இந்த வேலை இன்னும் எளிது. நீர் தானாகவே கலந்துகொள்ளும். ஆனால் வலையின் அடியில் கசடு தேங்குவதைக் கவனியாமல் விட்டால் பயனில்லை. குஞ்சுத்தொட்டியில் மணல் பரப்பாமல் வெறும் கண்ணாடித் தரையாக விடுவதும் இதற்காகவே. அழகில்லைதான், ஆனால் அழுக்கு ஒளிய இடமும் இல்லை.

சென்னையின் நீர்

புதுநீர் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். சென்னையில் அது எந்த நீர் என்பதே முதற்கேள்வி. குழாயில் வருவது ஏரிநீராக இருக்கலாம். தென்சென்னைப் பகுதிகளில் நெம்மேலியில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீராகவும் இருக்கலாம். இரண்டிலும் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். அது வடிகட்டியின் நல்ல நுண்ணுயிரியையும் கொல்லும். குஞ்சின் செவுளையும் சுடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். பொறுக்க முடியாதவர்கள் 'ஹைப்போ' என்னும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிதளவு கரைத்துக் குளோரினை நீக்குவர். நீரைத் திறந்துவைக்கும்போது மெல்லிய துணியால் வாயைக் கட்ட மறத்தல் கூடாது. டெங்கு பரப்பும் கொசு தேடுவதும் அத்தகைய தெளிந்த, தேங்கிய நீரைத்தான்.

கடலையொட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுநீர் உப்பேறியிருக்கும். கோரி உப்பை விரும்பாத மீன். அத்தகைய வீடுகளில் ஆர்.ஓ. நீரைக் கலந்து உப்பைக் குறைக்கலாம். தனித்து ஊற்றினால் அதில் உடலுக்கு வேண்டிய கனிமங்களே இரா. மழைநீர் இன்னும் சிறந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாடியைக் கழுவிச் செல்லும் முதல்மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் பிடித்த நீரைக் குழாய்நீரோடு கலந்தால் மென்மையான நீர் கிடைக்கும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை நகரம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் மீனுக்காக நீரைக் கொட்டுவது சரியா என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர். அதுவும் செடிக்குப் போகிறது என்பதே என் விடை.

உணவும் வெப்பமும்

மஞ்சட்கருப் பை வற்றியபின் உணவு தொடங்கலாம். நுண்புழுக்களும், அப்போது பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும் ஏற்றவை. ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களில் வாழும் சிறு உயிரி. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் உலர்முட்டையை உப்புநீரிலிட்டுக் காற்றூதினால் சென்னை வெப்பத்தில் ஏறத்தாழ ஒருநாளில் பொரிந்துவிடும். மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி, சில துளிகளாக இட வேண்டும். உண்ட குஞ்சின் வயிறு இளஞ்சிவப்பாகத் தெரியும். உண்டதா இல்லையா என்று ஐயுற வேண்டிய தேவையே இல்லை. நாளுக்கு மூன்று, நான்கு முறை சிறிதளவே இட வேண்டும். அரைமணி நேரத்தில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோய்க்கிருமிகளைக் கூட்டிவரும். குஞ்சுகளுக்கு அது வேண்டா.

கார்த்திகையில் பிறந்த குஞ்சுக்கு வெப்பம் துன்பமில்லை. சித்திரையில் பிறந்தால் நிலைமை வேறு. நீர் சூடாகும்போது அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் அழுகலும் விரைவுபடும். வளர்ந்த கோரிக்கு இதைத் தாங்க ஒரு வழி உண்டு. நீர்மட்டத்துக்குப் பாய்ந்து காற்றை விழுங்கி, குடலின் வழியே உயிர்வளியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாய்ப் பிறந்த குஞ்சுக்கு இத்திறன் உடனே வாய்ப்பதில்லை. நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்று படச்செய்தால் ஆவியாதலால் வெப்பம் இரண்டு பாகையளவு குறையலாம். கடற்கரைக் காற்றின் ஈரம் மிகுந்த நாள்களில் இதுவும் அவ்வளவாகப் பலிக்காது.

மழைக்காலத்துக்கு வேறோர் இடர் உண்டு, அது மின்தடை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல தெருக்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. காற்றடிப்பான் நின்றுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, உணவை நிறுத்துவது. உணவில்லாமல் குஞ்சு ஒருநாள் இருக்கும். நஞ்சான நீரில் இராது. பிறகு குவளையால் நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டார் முறைவைத்து அதைச் செய்வது வேடிக்கையாகத் தோன்றலாம். வேறு வழி இல்லாதபோது அதுவே போதுமானது.

திரும்பிச் செல்லுதல்

ஆறு முதல் எட்டு வாரங்களில் குஞ்சுகள் முக்கால் அங்குல அளவுக்கு வளரும். மூங்கிலிலைபோல் மெலிந்து கிடந்தவை தடித்து, தகடுகள் புலப்பட்டு, பெற்றோரின் சிறுவடிவமாகத் தெரியும். கூட்டுத்தொட்டியிலுள்ள மீன்களின் வாய்க்குள் அடங்காத அளவை எட்டியபின் அவற்றைத் திரும்ப விடலாம். விளக்கணைத்த இரவில் விடுவது நல்லது. விடிவதற்குள் ஒளியும் இடங்களை அறிந்துகொள்ளும்.

இரண்டாம் முறை எனக்குப் பதினேழு பிழைத்தன. பதினேழுக்கும் என் தொட்டியில் இடமில்லை. அத்தகைய நாள்களில் கபாலீசுவரர் கோயில் குளமோ அடையாற்று முகத்துவாரமோ நினைவுக்கு வரக்கூடும். அங்கு விடுதல் அறவே கூடாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளங்களை எப்படி நிறைத்துள்ளது என்பதைத் தூண்டிலிடும் எவரும் சொல்வர். கோரியின் உறவான, அதைப்போலவே கவசம் பூண்ட 'சக்கர்' மீனும், தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்டதுதான். இன்று அது கரைகளில் வளைதோண்டுகிறது. மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. அதை வாங்க ஆளில்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் தென்னமெரிக்க அராபைமா மீன் பிடிபட்டதும் வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதன் விளைவே.

பதினேழில் ஆறு என்னிடமே தங்கின. ஐந்தைத் தியாகராய நகரிலுள்ள நண்பர் ஒருவர் பெற்றுக்கொண்டார். எஞ்சிய ஆறையும் வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு, ஈடாக ஒரு பொட்டலம் ஆர்ட்டீமியா முட்டை கொடுத்தார். அடுத்த ஐப்பசியில் அது தேவைப்பட்டது.